பர்த்தான்

எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. அஞ்சு கிலோ, பத்துக் கிலோ, நாளைக்கு வரும், முடிஞ்சுது, மெசின் வேலை செய்யேல்லை மதாம். அதோடை கொஞ்சம் ரெயில் பிரெஞ்சு, கொஞ்சம் விசாக் கந்தோர்ப் பிரெஞ்சு. லா சப்பலிலை ஒரு மரக்கறிக் கடையிலை இருபத்தாறு வருசம் நிண்டு நான் சேர்த்த படிப்பு இவ்வளவுதான். இதை வைச்சுக்கொண்டு என்ரை மகன் சொன்ன ஒரு சொல்லைப் பிழையா விளங்கி, செய்யக்கூடாத ஒரு வேலையைப் போய்ச் செய்தன். என்ரை மனிசியைத் தவிர அது ஆருக்கும் தெரியாது. அவ இண்டைக்கும் அதை நினைச்சால் ரெண்டு நாளைக்கு என்னோடை கதைக்கமாட்டா.

மகன் பேஸ்போல் விளையாடினவன். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. ஹொலண்டிலை ஒரு கழகத்துக்குப் பந்து எறிஞ்சவன். கடைக்கு வாற எங்கடை சனத்துக்கு இதை விளங்கப்படுத்திறதுக்குள்ளை எனக்கு உயிர் போய் வரும்.

"கிரிக்கெட்டோ அண்ணை?"

"இல்லை."

"அப்ப பள்ளிக்கூடத்திலை தடியாலை அடிச்சுப்போட்டு ஓடுவமே, எல்லே, அது மாதிரியோ?"

"ஓம், கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இதிலை அடிக்கிறவனை விட எறியிறவன்தான் பெரியாள்."

"கடவுளே, எறியிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களே!" எண்டு சொல்லிப்போட்டு முருங்கைக்காயை வளைச்சு வளைச்சுப் பார்க்கத் தொடங்கிடுவினம்.

அவன் பிறவி இடக்கையன். மூண்டு வயசிலை சோத்துக் கோப்பைக்குள்ளை இடக்கையைத்தான் வைச்சான். நான் சும்மா விடுவனோ? எனக்குக் கோவம் மூக்கு நுனியிலை. அகப்பைக் காம்பாலை அந்தக் கையிலை ஒண்டு போடுவன். "அந்தக் கையாலை வேண்டாம்! சோத்துக்கை எங்கை? எங்கையடா சோத்துக்கை?" எண்டு கத்துவன். அவன் விக்கி விக்கி வலக்கையை நீட்டுவான். சின்னப் பள்ளிக்கூடத்து ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை இடக்கைப் பழக்கம், அது இயற்கை, விட்டுவிடுங்கோ எண்டு வடிவாத்தான் சொன்னவ. வடிவாத் தலையை ஆட்டிப்போட்டு வந்து, அண்டைக்குப் பின்னேரமே பென்சிலைப் பிடுங்கி மற்றக் கையிலை திணிச்சன். ஆறு வயசுக்குள்ளை சாப்பிடுறது, எழுதுறது, ஐயரிட்டைத் திருநீறு வாங்கிறது எல்லாம் வலக்கைக்கு வந்திட்டுது. பிள்ளையைத் திருத்திப்போட்டன் எண்டு எனக்குப் பெருமை வேறை.

எறியிறதை மட்டும் நான் பழக்கேல்லை. லா கூர்னெவிலை ஒன்பதாம் மாடியிலை, நாலு பேர் திரும்பினால் தோள் முட்டுற வீடு. அதுக்குள்ளை ஆர் என்னத்தை எறியிறது? அதாலை அந்த ஒண்டு என்ரை கண்ணிலை படாமல் அவன்ரை இடக்கையிலையே கிடந்திட்டுது.

அவனுக்குப் பதினொரு வயசிலை ஒரு நாள் வீட்டுக்கு ரெலிபோன். பக்கத்து ஊர்ப் பேஸ்போல் கழகத்துப் பயிற்சியாளர். பள்ளிக்கூடத்திலை அவன் எறிஞ்சதைக் கண்டவராம். மூத்தவள் என்ரை மகள் பக்கத்திலை நிண்டு தமிழிலை சொன்னாள்: "அப்பா, தம்பியை வாரத்துக்கு ரெண்டு நாள் அனுப்பச் சொல்லிக் கேக்கிறார். இடக்கையாலை இப்பிடி எறியிற பிள்ளை லேசிலை கிடைக்காதாம்." எந்தக் கையெண்டு திருப்பிக் கேள் எண்டன். அவள் கேட்டாள். இடக்கைதானாம். அவன் அங்காலை கதிரையிலை இருந்து சோத்துக்கையாலை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சரி, வரட்டும் எண்டன்.

பிறகு எல்லாம் கெதியாப் போச்சுது. பதினைஞ்சு வயசிலை தெற்கிலை ஒரு விளையாட்டு விடுதிப் பள்ளிக்கூடம். பத்தொன்பதிலை ஹொலண்ட். அவன் போற ரெயில் கார் து நோர் ஸ்டேசனிலை இருந்துதான் வெளிக்கிடும். எங்கடை கடைக்குக் கொஞ்சம் தள்ளி தண்டவாளத்துக்கு மேலாலை பாலம் இருக்கு. முதல் தரம் அவன் போனபோது கடை ஏப்ரனோடை ஓடிப்போய் அந்தப் பாலத்திலை நிண்டன். சிவப்பு ரெயில் ஒண்டு போச்சுது. கையைக் காட்டினன். பேந்து மகள் சொல்லுறாள், தம்பியின்ரை ரெயில் அரை மணித்தியாலம் பிந்தித்தானாம் வெளிக்கிட்டது. ஆருக்கோ கையைக் காட்டிப்போட்டு வந்திருக்கிறன்.

முதல் வருசம் அவனை ஆட்டத்தின்ரை நடுவிலைதான் இறக்கினவங்கள். முதலாவதா எறியிறவன் களைச்சுப் போனால் இவன் போகோணும். சில கிழமை கூப்பிடவே மாட்டாங்கள். அவன் முறைப்பாடு சொல்லமாட்டான். வாரத்திலை ஒரு நாள் எடுப்பான், "சாப்பிட்டியோ?" எண்டு நான் கேப்பன், "வுய் அப்பா" எண்டு ஓம் சொல்லுவான், பிறகு அம்மாட்டைக் குடுக்கச் சொல்லுவான். நான் தமிழிலை கேக்க அவன் பிரெஞ்சிலை சொல்லுவான். எங்களுக்குள்ளை அதுதான் வழமை.

ரெண்டாம் வருசம் சித்திரை மாசம், ஒரு சனிக்கிழமைக் காலமை. கடைக்குள்ளை காலடி வைக்க இடமில்லை. நான் கறிவேப்பிலைப் பெட்டி உடைச்சுக்கொண்டு நிக்கிறன். ரெலிபோன் அடிக்குது. மகன். சனிக்கிழமை ஒருநாளும் எடுக்கமாட்டான்.

"அப்பா! ஜெ சுவி பர்த்தான்!"

பர்த்தி எண்டால் போயிட்டுது. ரெயில் போனால் பர்த்தி. மாம்பழம் முடிஞ்சால் பர்த்தி. இந்தச் சொல்லை நான் ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லுறன். அப்ப இவன் போறன் எண்டெல்லோ சொல்லுறான்!

"எங்கை?" எண்டன்.

"திமான்ஷ்!" எண்டான். ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவு சந்தோசம் குரலிலை.

பேஸ்போலிலை கெட்டிக்காரர் எல்லாரையும் கடைசியிலை அமெரிக்கன் கொண்டுபோறவன் எண்டு ஆரோ சொல்லி என்ரை தலைக்குள்ளை கிடந்தது. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கே போறான். தாய்க்கு ஒரு சொல்லில்லை, தகப்பனிட்டை ஒரு கேள்வியில்லை. "போ! எங்கை வேணுமெண்டாலும் போ! உனக்கு நாங்கள் ஆர்?" எண்டு கத்திப்போட்டு வைச்சிட்டன். கடைக்குள்ளை நிண்ட சனம் எல்லாம் திரும்பிப் பார்த்துது.

என்னோடை வேலை செய்யிற வன்னிப் பெடியன் வெங்காய மூட்டையை இறக்கிப்போட்டு, "என்ன அண்ணை?" எண்டான்.

"பர்த்தான் எண்டால் என்னடா?"

"போறதுதானே அண்ணை. ஸ்டேசனிலை எழுதிக் கிடக்கு."

அவன் பிரான்சுக்கு வந்து எட்டு மாசம். அவனிட்டைப் போய்க் கேட்டன் பாருங்கோ. என்னை எதாலை அடிக்கிறது?

ஏப்ரனைக் கழட்டாமலே பிள்ளையார் கோயிலுக்கு நடந்தன். மூண்டு தெருத்தான். உள்ளுக்கை போய்க் கும்பிட்டுக்கொண்டு நேர்த்தி வைச்சன்: "அப்பனே, என்ரை பிள்ளையை வீட்டை கொண்டுவந்து சேர். இந்தப் பந்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அவன் என்ரை வீட்டிலை வந்து இருந்தால் போதும். உன்ரை தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் அடிக்கிறன்." வாய்விட்டுத்தான் சொன்னன். சொல்லி முடிய மனம் ஆறிப்போச்சுது. திரும்பி வந்து கறிவேப்பிலையை அடுக்கினன்.

பின்னேரம் வீட்டை போனால் மகள் நிலத்திலை இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள். தம்பி எடுத்து அவளிட்டை எல்லாம் சொல்லிப்போட்டான். பேஸ்போலிலை லான்சர் எண்டால் எறியிறவன். லான்சர் பர்த்தான் எண்டால் ஆட்டத்தைத் தொடங்கிறவன். முதல் பந்து அவன்ரை. அவன்ரை பேரைத்தான் முதல் எழுதுவாங்கள். அந்த இடத்துக்கு இவனைத் தெரிஞ்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் எறியச் சொல்லியிருக்கிறாங்கள். அதைச் சொல்ல முதல் ஆளா எனக்குத்தான் எடுத்திருக்கிறான்.

"ஐயோ அப்பா, நீங்கள் அவனைப் போகச் சொல்லி ஏசினியளாம்!"

நானும் சிரிச்சன். மனிசி சிரிச்சா. உடனை அவனுக்கு எடுத்து, "மன்னிச்சுக்கொள் ராசா, கொப்பனுக்குக் காது பிழை" எண்டன். அவனும் சிரிச்சான். அதுக்குப் பிறகு வீட்டிலை ஆர் வெளியிலை வெளிக்கிட்டாலும், "ஜெ சுவி பர்த்தான்!" எண்டு என்னை நக்கலடிச்சுப்போட்டுத்தான் போவினம். குப்பை கொட்டப் போறதுக்கும் அதுதான்.

நேர்த்தியை மட்டும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அடுத்த நாளே போய், "அப்பனே, பிழையா விளங்கிப்போட்டன், அதை விட்டிடு" எண்டு சொல்லியிருக்கலாம். கோயிலைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு நடக்கிறன். சொல்லேல்லை. மறந்தும் போகேல்லை. உண்மையைச் சொல்லோணும்: சொல்லிலைதான் பிழை விட்டனே தவிர ஆசையிலை பிழை இல்லை. அவன் வீட்டை வரோணும் எண்டது எனக்கு உள்ளுக்குள்ளை அப்பிடியே இருந்தது. கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

அந்த ஆடி மாசம் மகள் காரிலை எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன மைதானம்தான். கிழவன் கிழவியள் கதிரையும் கொண்டுவந்து இருக்கினம், உருளைக்கிழங்குப் பிரிட் பொரிக்கிற மணம். நடுவிலை மண்மேடு ஒண்டு. அதிலை அவன் தனிய ஏறி நிண்டான். நான் அவன் எறியிறதைக் கண்ணாலை கண்டது அண்டைக்குத்தான். ஒன்பது வருசமா எறிஞ்சிருக்கிறான், எனக்குச் சனி ஞாயிறு வேலை. காலைத் தூக்கி, உடம்பு முழுக்கப் பின்னுக்குப் போய், அந்த இடக்கை எங்கையோ இருந்து வந்துது. பந்து என்ரை கண்ணிலை படேல்லை. பிடிக்கிறவன்ரை கையுறையிலை பட்ட சத்தம்தான் கேட்டுது. அடிக்க நிண்ட நெடுவல் தடியை அசைக்கவே இல்லை.

நான் அடிச்ச கை அது. அகப்பைக் காம்பாலை நான் அடிச்ச கை.

எனக்குத் தாங்கேல்லை. எழும்பி நிண்டு, "போடடா என்ரை ராசா! போடு!" எண்டு கத்தினன். வெள்ளைக்காரச் சனம் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிச்சுது. அவன் மேட்டிலை நிண்டு தொப்பியைக் கொஞ்சம் தூக்கினான். ஆறு சுற்று எறிஞ்சான், வெண்டாங்கள். முடிய எங்களிட்டை வந்து பந்தைக் காட்டினான். சிவப்பு நூலாலை தைச்சுக் கிடக்கு. அந்தத் தையலிலை விரலைக் குறுக்க வைச்சுத்தான் எறியிறதாம். பார்க்கத் தேவையில்லையாம், கையிலை எடுத்த உடனை விரல் தானாத் தேடிப் பிடிச்சிடுமாம். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தபடி கையுக்குள்ளை பந்தைச் சுழட்டினான், விரல் தையலிலை போய் நிண்டுது. நடுவிரல் தோல் செருப்புத்தோல் மாதிரித் தடிச்சுப்போய்க் கிடந்தது. அதைத் தடவிப் பார்த்தன். "நோகுதோ?" எண்டன். "நோ அப்பா" எண்டான்.

மூண்டு வருசம் அவன் பர்த்தானா இருந்தான். நாலாம் வருசத் தொடக்கத்திலை முழங்கை நோகத் தொடங்கினது. எங்களுக்குச் சொல்லேல்லை. ஒட்டுத்துணி சுத்திக்கொண்டு எறிஞ்சிருக்கிறான். ஒரு ஆட்டத்திலை, எறிஞ்ச உடனை கையைப் பிடிச்சுக்கொண்டு மேட்டிலை குந்திட்டானாம். முழங்கைக்குள்ளை தசைநார் அறுந்துபோச்சுது. அங்கையே ஒப்பரேசன், ஒரு வருசம் கைக்குப் பயிற்சி. பிறகு திரும்பி ஏறினான். மூண்டாம் ஆட்டத்திலை அதே இடம் திரும்ப அறுந்துது. திரும்பவும் வெட்டித் தைச்சாங்கள். வீட்டு வேலைக்குக் கை உதவும், எறிய இனிச் சரிவராது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கழகத்தோடை கணக்கு முடிஞ்சுது.

ஆனி மாசம் ரெண்டு பையோடை வீட்டை வந்தான். இடக்கை கம்பி வைச்ச பட்டிக்குள்ளை மடங்கிக் கிடந்தது. இருபத்தி நாலு வயசு. தாய் சோறும் கணவாய்க் கறியும் போட்டு வைச்சா. வலக்கையாலை பிசைஞ்சு, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். நடுவிலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, தமிழிலை சொன்னான்:

"நல்லகாலம் அப்பா, நீங்கள் பழக்கினியள்."

குத்திச் சொல்லேல்லை. அவனுக்குக் குத்திக் கதைக்கத் தெரியாது. உண்மையாவே நன்றிக்குத்தான் சொன்னான். நான் கோப்பையோடை எழும்பிக் குசினிக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்து விட்டிட்டு நிண்டு அழுதன். மனிசி பின்னாலை வந்தா. அண்டைக்குத்தான் நேர்த்தியைச் சொன்னன். கடவுள் நான் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் தந்திட்டார். பந்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், வீட்டிலை வந்து இருந்தால் போதும் எண்டு கேட்டன். வந்து இருக்கிறான்.

அவ என்னைப் பார்த்த பார்வை! "உனக்கு விசரே?" எண்டா. இருபத்தெட்டு வருசத்திலை என்னை ஒருமையிலை கதைச்சது அண்டைக்குத்தான். "பெத்த பிள்ளைக்கு இப்பிடியும் ஒருத்தன் நேர்வானே?" பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு, "வைச்சதை அடிச்சு முடியுங்கோ. பிள்ளையாரோடை மிச்சம் வைக்கவேண்டாம். அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" எண்டா.

ஆவணிக் கடைசியிலை தேர். லா சப்பல் றோட்டு முழுக்கச் சனம். கடைக்கு முன்னாலை நூற்றெட்டுத் தேங்காயைக் குவிச்சு, மஞ்சள் பூசி, மேலை கற்பூரம் கொளுத்தினன். தேர் முடக்குத் திரும்பினதும் தொடங்கினன். ஒவ்வொண்டாத் தூக்கித் தூக்கி றோட்டிலை அடிக்கிறன். முப்பத்தஞ்சு, நாற்பது வரைக்கும் சரி. பிறகு தோள் விட்டிட்டுது, மூச்சு வாங்குது. மனிசி கையைக் கட்டிக்கொண்டு தேரைப் பார்த்தபடி நிக்கிறா, என்ரை பக்கம் திரும்பேல்லை.

மகன் ஓரத்திலை நிண்டவன். கையிலை பட்டி கழட்டி ஒரு கிழமைதான். சனத்தை விலத்திக்கொண்டு வந்து, "விடுங்கோ அப்பா. ஜெ சுவி பர்த்தான்" எண்டான்.

இந்த முறை எனக்கு அது விளங்கினது. அதுக்கு இன்னொரு கருத்தும் இருக்கு, நான் தயார், நானும் வாறன் எண்டு.

குனிஞ்சு ஒரு தேங்காயை எடுத்தான். இடக்கையாலை. எடுத்த உடனை அவன்ரை விரல் தேங்காய்த் தும்புக்கு மேலாலை ஓடினது. அங்கினை இங்கினை தடவிப் பார்த்துது. தையலைத் தேடுது. அவனுக்கே அது தெரியேல்லை, சும்மா தேரைப் பார்த்துக்கொண்டு நிண்டான்.

"அந்தக் கையாலை வேண்டாம் ராசா!" எண்டு மனிசி கத்தினா.

அவன் குனிஞ்சு கையைப் பார்த்தான். பிறகு தேங்காயை வலக்கைக்கு மாத்தினான். எறிஞ்சான். சின்னப்பிள்ளை எறியிற மாதிரி இருந்தது. தேங்காய் உடையேல்லை. உருண்டு போய், வேட்டி கட்டின ஒருத்தற்றை காலடியிலை நிண்டுது. அவர் எடுத்துக் குடுத்துக்கொண்டு சிரிச்சார்.

"தம்பிக்கு எறியத் தெரியாது போலை."

அந்தாளின்ரை சேட்டுக் கொலரைப் பிடிச்சு உலுப்போணும் போலை இருந்தது எனக்கு. மகன் சிரிச்சுக்கொண்டு, "ஓம் அண்ணை" எண்டு வாங்கினான். திரும்ப எறிஞ்சான், உடைஞ்சுது. அடுத்தது உடையேல்லை. எடுத்துக்கொண்டு வந்து திரும்ப அடிச்சான். மிச்சம் எல்லாத்தையும் அவன்தான் அடிச்சான். என்னை ஒண்டும் தொட விடேல்லை. கடைசித் தேங்காய் முடியேக்கை தேர் எங்களைத் தாண்டிப் போட்டுது, அவன்ரை சப்பாத்தெல்லாம் தேங்காய்த் தண்ணி.

முகத்தைத் துடைச்சுக்கொண்டு என்ரை பக்கத்திலை வந்து நிண்டான். தமிழிலை கேட்டான்:

"இது என்ரை கைக்கு நேர்ந்ததோ அப்பா?"

மனிசி என்னைப் பார்த்தா.

"ஓம்" எண்டன்.

"மெர்சி அப்பா" எண்டு சொல்லி, என்ரை தோளிலை கையைப் போட்டான்.